மூன்று மாதத்துக்கு ஓர் அறை, ஒரு கெட்டில்: என்ன சமைத்துச் சாப்பிடுவது?

தற்காலிகவாசி
எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக வீட்டை விட்டு மூன்று மாதம் வெளியூரில் தங்க வேண்டிய நிலை. வந்து ஒன்பது நாள் ஆகிறது. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு பிளக், அறைக்காரர் கொடுத்த மின்கெட்டில். தாழ்வாரத்தில் எல்லோருக்கும் பொதுவான ஃப்ரிட்ஜ் உண்டு. அதில் எனக்கு அரைத் தட்டு இடம். அடுப்பு கிடையாது, நெருப்பு பற்ற வைக்கவே கூடாது. சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், "அது பரவாயில்லை" என்றார்.

இந்த ஒன்பது நாளும் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. பர்ஸ் ஒரு பக்கம் மெலிகிறது, வயிறு ஒரு பக்கம் உப்புகிறது. நேற்று இரவு வெளியே போகவும் சோம்பல். ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்தேன். இப்படியே மூன்று மாதம் போனால் திரும்பி வரும்போது வீட்டில் அடையாளம் தெரியாது.

வெங்காயம் நறுக்கத் தெரியும், சோறு வடிக்கத் தெரியும், அவ்வளவுதான் என் சமையல். செலவு குறைவாக இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, கிளம்பும்போது குப்பையில் கொட்டுகிற மாதிரி சாமான் சேரக் கூடாது. என்ன செய்யலாம்?

பசித்தபுலி
கெட்டில் இருக்கிறதல்லவா, அப்புறம் என்ன கவலை? நூடுல்ஸ், முட்டை, சூப், ஓட்ஸ், எல்லாம் அதிலேயே. நான் ஒரு வருடம் கெட்டிலை மட்டும் வைத்தே குடித்தனம் நடத்தியவன். கடைசியில் அதில் டீ போட்டால் கோழிக்குழம்பு வாசம் வரும், அது வேறு கதை.

ஒற்றைச்சட்டி
தம்பி, புலி சொல்வதைக் கேட்டு அந்தக் கெட்டிலைப் பாழாக்கிவிடாதீர்கள். அது அறைக்காரருடையது.

ஆறு வருடத்தில் நான்கு இடம் மாறியவள் நான். ஒரு இடத்தில் ஐந்து மாதம், இன்னொன்றில் ஏழு வாரம், இப்படி. என் அனுபவத்தில் வெளியூர்ச் சாப்பாடு கெட்டுப்போவது சமையல் தெரியாததால் இல்லை. வேலை முடிந்து கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்காருகிறீர்கள் பாருங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிஸ்கட் இருந்தால் பிஸ்கட். ஊறிய பருப்பும் கழுவிய காய்கறியும் இருந்தால் சாப்பாடு. அதனால் சமையல் குறிப்பு தேடுவதை விட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்.

சாமான் என்று பார்த்தால் சின்ன ரைஸ் குக்கர், மேலே ஆவித்தட்டு இருந்தால் நல்லது. ஒரு கத்தி, ஒரு நறுக்குப் பலகை (நான் முதல் ஊரில் பலகை வாங்கச் சோம்பி ஒரு நோட்டுப் புத்தக அட்டையில் வெங்காயம் நறுக்கினேன், அந்த நோட்டு இன்னும் மணக்கிறது), ஆழமான கிண்ணம் ஒன்று, கரண்டி ஒன்று, மூடி இறுகும் டப்பா நான்கு. போதும். வாணலி, தோசைக்கல், இரண்டாவது பாத்திரம் என்று ஆசைப்படாதீர்கள், மூன்று மாதம்தான்.

தினசரிக்கு என்னுடைய பழைய நண்பன் இதுதான்: குக்கரோடு வரும் கப்பில் ஒரு கப் அரிசி, அரைக் கப் மைசூர்ப் பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி நான்கு கப் தண்ணீர். அரை வெங்காயம், ஒரு கேரட், கைப்பிடி முட்டைக்கோஸ், உப்பு, உங்களுக்குப் பழகிய மசாலாப் பொடி அரை ஸ்பூன். மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுங்கள். ஆவித்தட்டில் கழுவிய முட்டை இரண்டை வைத்தால் அதுவும் வெந்துவிடும். சுவிட்ச் எகிறியதும் திறக்காதீர்கள், பத்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். குழைவாக, ஸ்பூனால் அள்ளுகிற பதத்தில் வரும். இந்த அளவு இரண்டு வேளைக்கு வரும்.

ஒன்று மட்டும் கவனம்: அந்தக் குக்கர் கப் 180 மில்லி. மற்ற இடங்களில் 'ஒரு கப்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 240 மில்லி. இரண்டையும் கலந்து அளந்தால் ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கல்.

அப்புறம், கிளம்பும் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கிலோவில் வாங்கினால் மலிவுதான். பாதியைக் கொட்டிவிட்டுப் போனால் மலிவா? எண்ணெய், மசாலா, உப்பு எல்லாமே இருப்பதில் சின்ன பாக்கெட்.

மின்கம்பி
அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். சாப்பாட்டில் எனக்கு ஞானம் குறைவு. கம்பிகள் பற்றிச் சொல்கிறேன்.

கெட்டில் தானாக நிற்பது எப்படி? தண்ணீர் கொதித்து வரும் ஆவி ஒரு சின்னக் குழாய் வழியாகப் போய் ஈருலோகப் பட்டை ஒன்றைச் சூடாக்குகிறது. பட்டை வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அந்தப் பக்கம் போகாமல் மேலே கிளம்பிவிடும். கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். கெட்டிலில் நூடுல்ஸ் வேக வைப்பவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். நானும் ஒரு நாள் செய்தேன். மாவு நுரை பொங்கி, அடிப்பீடத்தில் இறங்கி, பட்டென்று ஒரு சத்தம். மாடி முழுக்க இருட்டு. பக்கத்து அறைக்காரர்கள் டார்ச்சோடு வந்து நின்றார்கள், நான் கையில் முள்கரண்டியோடு நின்றேன்.

பாலும் கஞ்சியும் கெட்டிலில் வேண்டவே வேண்டாம். அடியில் ஒட்டிக் கருகும், அடுத்து தண்ணீர் வைத்தாலும் அந்த வாடை போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியே கிண்ணத்தில் ஊற்றுவதுதான் அதன் வேலை.

ஒரே பிளக் என்கிறீர்கள். கெட்டில் பெரும்பாலும் 1500 முதல் 2200 வாட் வரை இழுக்கும். சின்ன ரைஸ் குக்கர் 300 முதல் 500 வாட். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். முதலில் ஒன்று, முடிந்ததும் மற்றது.

தற்காலிகவாசி
குக்கர் வாங்கிவிட்டேன்! அக்கா சொன்ன அளவில் செய்தேன், நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு சூடாக, என் கையால். ஆனால் இரண்டாம் நாள் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டி, முதலில் எண்ணெய் விட்டு வெங்காயம் வதக்கப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் சுவிட்ச் 'வார்ம்'-க்கு எகிறிவிட்டது. திரும்பத் தட்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. கெட்டுப்போன சாமானா?

மின்கம்பி
கெடவில்லை நண்பரே, அதன் புத்தியே அது. பாத்திரத்தின் அடியில் ஸ்பிரிங் வைத்த காந்தம் ஒன்று இருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு ஏறும். குறிப்பிட்ட சூட்டில் காந்தம் பிடியை விடும், சுவிட்ச் எகிறும். தோஷிபா 1955-இல் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை யோசனை இதுதான்: தண்ணீர் தீர்ந்ததைச் சூட்டை வைத்துக் கண்டுபிடிப்பது. நீங்கள் வெறும் எண்ணெய் விட்டதும் அது "சோறு வெந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறது.

சுவிட்சில் கல் வைத்து அமுக்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். ஓரிரண்டு நிமிடம் ஆறவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால் வெங்காயம் வதங்கிவிடும்.

ஒற்றைச்சட்டி
வதக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு வேக வைத்துவிட்டு, இறக்கியதும் ஒரு ஸ்பூன் எண்ணெயை மேலே விட்டுக் கிளறுங்கள். வாசனை தூக்கலாக இருக்கும், பாத்திரமும் ஒட்டாது.

அளவுகோல்
உணவியல் துறையில் வேலை செய்கிறேன். 'ஆரோக்கியம்' என்ற சொல்லை யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் உள்ளே வருகிறேன். மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை, சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். இது பொதுவாகச் சொல்வது.

தனியாக வெளியூரில் இருப்பவர்களுக்கு வயிறு நிறையாமல் போவதில்லை. மாவுச்சத்தால் மட்டும் நிறைந்துவிடுகிறது. ரொட்டி, நூடுல்ஸ், பிஸ்கட், வெறும் சோறு. குறைவது புரதமும் காய்கறியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ இருப்பவருக்குச் சுமார் 50 கிராம். பெரிய அளவு மாதிரித் தெரியும், கூட்டிப் பாருங்கள்: முட்டை இரண்டு 12 கிராம். காய்ந்த பருப்பு 75 கிராம் என்றால் 18. ஓட்ஸ் அரைக் கிண்ணம், அதாவது 50 கிராம், ஆறு சொச்சம். அரிசி 150 கிராம் பத்து. ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஏழு. ஐம்பதைத் தாண்டியாயிற்று. இறைச்சியும் இல்லை, டப்பாவில் அடைத்த புரதப் பொடியும் இல்லை. அந்தப் பொடி வாங்குகிற காசுக்கு ஒரு மாதப் பருப்பு வாங்கலாம்.

காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது, அது சோற்றின் உறவுக்காரர். ஒரு பெரிய கேரட், ஒரு தக்காளி, கைப்பிடி முட்டைக்கோஸ், ஒரு வாழைப்பழம், இவையே ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பாக்கெட்டில் 'சோடியம்' என்று போட்டிருந்தால் அந்த எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. பசித்தபுலி அண்ணன் விடாமல் அதையே தின்பதானால் மசாலாப் பொட்டலத்தில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு முட்டையும் கைப்பிடிக் கீரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

பசித்தபுலி
பாதிப் பொட்டலமா! சரி, முயற்சி செய்கிறேன். ருசி இல்லையென்றால் உங்களைத்தான் கேட்பேன்.

இரவுப்பணி
எல்லோரும் சமையல் பக்கமே நிற்கிறீர்கள், நான் எதிர்க்கட்சி. மூன்று வேளையும் சமைப்பேன் என்று கிளம்பியவர்கள் இரண்டாவது வாரத்தில் மொத்தமாக விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன். காய்கறி வாங்கிக் குவித்து, அழுகி, கோபத்தில் திரும்ப வெளிச்சாப்பாடு. வேலை செய்யும் இடத்தில் மதியம் மலிவாகச் சாப்பாடு கிடைத்தால் அதைச் சாப்பிடுங்கள். காலையில் அடுப்பே தேவைப்படாதது: ஓட்ஸ், பழம், தயிர். இரவு மட்டும் சமையல். அதிலும் வாரத்தில் ஒரு நாள் லீவு. இப்படி வைத்துக்கொண்டால் மூன்று மாதம் தாங்கும்.

இன்னொரு விஷயம். இரவில் பொங்கிய சோற்றை மேசையிலேயே மூடி வைத்துவிட்டு மறுநாள் மதியம் சாப்பிட்டேன், வாசனை நன்றாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரத்தில் வாந்தி ஆரம்பம். நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிட்டேன், பிறகு ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அளவுகோல்
உங்களைப் பரிசோதிக்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் சோற்றில் அப்படி நடப்பது சகஜம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். வேக வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் "நன்றாகச் சூடாக்கினேனே" என்பது இங்கே உதவாது. வாசனையிலும் தெரியாது.

சாப்பிட்டது போக மிச்சத்தை அகலமான டப்பாவில் மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போய்விட வேண்டும், மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லையா, ஒரு வேளைக்கு மட்டும் பொங்குங்கள். குக்கரை 'வார்ம்'-இல் விட்டால் நல்ல குக்கராக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும், சில மணி நேரத்துக்குப் பரவாயில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் மோசம்.

கீரைக்கட்டு
முட்டை சாப்பிடாதவர்கள் பக்கம் யாரும் வரவில்லையே. நான் கொண்டைக்கடலை ஆள். இரவு படுக்கும்போது ஊற வைத்து, காலையில் தண்ணீரை மாற்றிவிட்டுப் போவேன், மாலையில் வந்ததும் குக்கரில். தண்ணீர் தாராளமாக விட வேண்டும், வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் எகிறினால் தண்ணீர் சேர்த்துத் திரும்பத் தட்டுவேன். அந்த நேரத்தில் துணி துவைக்கலாம். நேரம் இல்லாதவர்கள் டின்னில் வெந்து வருவதை வாங்கலாம்.

சிவப்பு ராஜ்மா மட்டும் கவனம் மக்களே. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டிவிடும், நாலைந்து பருப்பே போதும். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். ஐந்து மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். மெல்லிய சூட்டில் வேக வைக்கும் பாத்திரங்களில் அந்தக் கொதி வராது, நச்சு அடங்காது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

அசைவமும் முட்டையும் பாலும் மூன்றுமே இல்லாதவர்கள் வைட்டமின் பி12 பற்றி யோசிக்க வேண்டும், செடி உணவில் அது நம்பிக்கையாகக் கிடைக்காது. அப்புறம் பருப்பு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மாடிப்படி
டின், உறைய வைத்த காய்கறி எல்லாம் செத்த உணவு. சத்து எல்லாம் போய்விட்டது. புதிதாக வாங்கிச் சாப்பிட முடியாவிட்டால் சாப்பிடாமலே இருக்கலாம்.

அளவுகோல்
சாப்பிடாமல் இருக்க வேண்டாம் ஐயா! உறைந்த காய்கறியைப் பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி உறைய வைத்துவிடுவார்கள். கொஞ்சம் வைட்டமின் சி அந்த வெந்நீரில் போகும், பிறகு அப்படியே நிற்கும். ஐந்து நாள் ஃப்ரிட்ஜில் வாடிய கீரையைவிட அது எவ்வளவோ மேல். டின்னில் பிரச்சினை சத்து அல்ல, உப்புதான். தண்ணீரை வடித்து ஓடுகிற குழாயில் நன்றாக அலசினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும்.

மாடிப்படி
அலசுகிறேன், ஆனால் ருசிக்காது.

ஒற்றைச்சட்டி
ருசி உப்பில் மட்டுமா இருக்கிறது, மாடிப்படி? பூண்டு என்ன பாவம் செய்தது?

தற்காலிகவாசி
ஒரு துக்கச் செய்தி. பொது ஃப்ரிட்ஜில் வைத்த என் தயிர் டப்பாவை யாரோ காலி செய்து, கழுவி, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். கழுவி வைத்ததற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜை நம்பாமல் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம்?

ஒற்றைச்சட்டி
கழுவி வைத்திருக்கிறாரே, நல்ல குடும்பத்துப் பிள்ளை.

முழு முட்டைக்கோஸ் நிழலான இடத்தில் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். வெட்டாமல், வெளி இலையை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துக்கொண்டே வாருங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு காற்றோட்டமான இருட்டில். கிழங்கு பச்சை பிடித்தால் தூக்கிப் போடுங்கள். தக்காளி காயாக இரண்டு, பழமாக இரண்டு வாங்கினால் வாரம் ஓடும். வாழைப்பழம் எப்போதும் மூன்றுக்கு மேல் வேண்டாம். கீரை வாங்கிய அன்றே.

முட்டைக்கு ஒரு சுலபமான வழி: கடையில் குளிரில் வைத்து விற்றால் நீங்களும் குளிரில் வையுங்கள். வெளியில் அடுக்கி விற்றால் நீங்களும் வெளியில் நிழலில் வைக்கலாம். கழுவி விற்கும் முட்டையில் ஓட்டின் மேல் உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும், அதனால்தான் அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் அவித்த முட்டை வேறு. அதை வெளியில் வைக்காதீர்கள், அவித்த வேளையே சாப்பிடுங்கள்.

இரவுப்பணி
தயிர் டப்பாவின் மேல் தேதியோடு 'மருந்து' என்று எழுதி ஒட்டுங்கள். என்னுடையதை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

தற்காலிகவாசி
மூன்று வாரம் கழித்து வருகிறேன், கணக்கு ஒப்பிக்க.

இரவுப்பணி அண்ணன் சொன்னபடிதான் கடைசியில் நின்றது. காலையில் ஓட்ஸை முந்தின இரவே தயிரிலோ தண்ணீரிலோ ஊற வைத்துவிடுகிறேன், வாழைப்பழம் வெட்டிப் போட்டு நின்றபடியே சாப்பாடு முடிகிறது. மதியம் வேலை இடத்தில். இரவு குக்கர். ஞாயிறு மாலை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அரிசியையும் பருப்பையும் ஒரு வேளை அளவாகச் சின்னப் பைகளில் கலந்து கட்டி வைக்கிறேன், அரைக் கப் அரிசி, கால் கப் பருப்பு, உப்பு, மசாலா எல்லாம் உள்ளேயே. இரவு வந்ததும் ஒரு பையைப் பிரித்து, அப்படியே கொட்டி, தண்ணீர், காய்கறி, சுவிட்ச். உப்பைப் பையிலேயே போட்டதால் அரிசியைக் கழுவ முடியவில்லை என்பது நான்காம் நாள்தான் புரிந்தது. இப்போது உப்பும் மசாலாவும் தனிக் காகிதப் பொட்டலத்தில்.

செலவு வெளியில் சாப்பிட்டதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, குக்கர் வாங்கிய காசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயிறும் அமைதி. ஒரே குறை, சலிப்பு. பதினெட்டாவது நாள் அந்தப் பையைப் பார்த்ததும் அழுகை வராத குறை.

ஒற்றைச்சட்டி
பொட்டல யோசனை அருமை தம்பி, நான் இத்தனை வருடத்தில் செய்யாதது.

சலிப்புக்கு அடியை மாற்றாதீர்கள், மேலே போடுவதை மாற்றுங்கள். ஒரு நாள் வறுத்த வேர்க்கடலையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கித் தூவி, எலுமிச்சை பிழியுங்கள். ஒரு நாள் இரண்டு தக்காளியும் நாலு பல் பூண்டும் சேர்த்து வேக வைத்து மசித்துவிடுங்கள், நிறமே வேறு. ஒரு நாள் சுவிட்ச் எகிறியதும் கொதிக்கிற சூட்டில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி, திரும்பத் தட்டி, நன்றாக வேகவிட்டுக் கிளறுங்கள். கீரை இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில். அரிசிக்குப் பதில் உருளைக்கிழங்கு போட்டால் அது கெட்டியான சூப். இன்னும் ஒன்று: வீட்டில் நீங்கள் எந்தச் சுவையில் வளர்ந்தீர்களோ அந்தப் பொடியோ ஊறுகாயோ ஒரு சின்ன டப்பா வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றாவது ஊரில் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, வெறும் கஞ்சியில் அதைக் கால் ஸ்பூன் கரைத்துக் குடித்துத்தான் எழுந்தேன். அது சத்துக் கணக்கில் வராது, அளவுகோல் மன்னிக்கட்டும்.

அளவுகோல்
மன்னித்தேன். ஊறுகாய் என்றால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கீரைக்கட்டு
குக்கருக்குக்கூட அனுமதி இல்லாத அறையில் இருந்தபோது நான் வாய் அகன்ற ஸ்டீல் பிளாஸ்கில் காலம் தள்ளினேன். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட வேண்டும், பிளாஸ்க் சூடாகிவிடும். பிறகு ஓட்ஸ், மேலே விளிம்புவரை புதிதாகக் கொதித்த தண்ணீர், இறுக மூடி. இருபது நிமிடத்தில் பதம். பாதி பிளாஸ்க் காலியாக இருந்தால் சூடு நிற்காது, நிரப்ப வேண்டும். பருப்பு, ராஜ்மா எதையும் அதில் முயற்சிக்காதீர்கள், கொதியே இல்லாமல் வேகாது.

பசித்தபுலி
அறிக்கை: பாதிப் பொட்டலம், ஒரு முட்டை, கைப்பிடிக் கீரை. மூன்று வாரமாகிறது. கெட்டிலில் இல்லை, கிண்ணத்தில் ஊற்றி. ருசி பழகிவிட்டது. இப்போது முழுப் பொட்டலம் போட்டால் நாக்கு கரிக்கிறது. கெட்டிலும் டீக்கே டீ மணக்கிறது.

தற்காலிகவாசி
நாளை மறுநாள் கிளம்புகிறேன். அலமாரியில் மிச்சம் இருப்பது: பை இரண்டு, முட்டை நான்கு, வெங்காயம் ஒன்று, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எலுமிச்சை பாதி, பழம் மூன்று. பின்னோக்கி எண்ணியது பலித்துவிட்டது அக்கா. குக்கரைப் பக்கத்து அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பையனுக்குக் கொடுக்கிறேன். தயிர்க்காரர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். பயணம் பத்து மணி நேரம். நான்கு முட்டையையும் அவித்துக் கையில் எடுத்துக்கொண்டால் வழிச்சாப்பாடு ஆகுமா?

ஒற்றைச்சட்டி
வேண்டாம் தம்பி, பத்து மணி நேரம் பைக்குள் கிடந்த அவித்த முட்டையை நம்ப முடியாது. நாளை இரவு கடைசிப் பையில் இரண்டை உடைத்து ஊற்றுங்கள். கிளம்பும் காலையில் இரண்டை அவித்து அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வழிக்கு வேர்க்கடலையும் பழமும். அந்தப் பையனுக்கு குக்கரோடு 180 மில்லி கப்பையும் மறக்காமல் கொடுங்கள்.